பூட்டிக் கிடக்கும் மில்லுக்குள் போகலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வெளிநாடுகளில் மூடிப்போன ஆலை, ஆஸ்பத்திரி, தியேட்டர் என்று தேடிப் போய், உள்ளே புகுந்து படமெடுப்பதைச் சாகசப் பயணமாகவே செய்கிறார்களாம். வாளையார் தாண்டினால் பாலக்காடு டவுனிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கமும் அந்த மாதிரிக் கட்டடங்கள் நிறைய நிற்கின்றன. மூன்று பேர் பைக்கில் வரலாம் என்றிருக்கிறோம். எங்கே போகலாம், என்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும், மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்கிறார். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஆளில்லாத கட்டடம்தானே, கேட்காமல் நுழைந்தால் என்ன?

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். சிவில் படித்துவிட்டு இருபது வருடத்துக்கும் மேலாக வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுக்கிறேன். இந்த வேலையில் பாதி புது வீடுகள். மீதிப் பாதி கடன் நின்றுபோன அரிசி மில், மூடிய டாக்கீஸ், பாகம் பிரியாமல் பூட்டிக் கிடக்கும் வீடு. டேப், டார்ச், கேமரா இவற்றோடு இப்படிப்பட்ட இடங்களுக்குள் எத்தனை தடவை நுழைந்திருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் ரிப்போர்ட்டுக்காகப் படம் எடுத்தேன், அப்புறம் ஆசைக்காக. சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் சொல்வதை நம்பலாம். சட்டத்தையும் வியாதியையும் பற்றிச் சொல்வது, வேலையின் போக்கில் தெரிந்துகொண்டது. அதற்கு வக்கீலும் டாக்டரும் இருக்கிறார்கள்.

கைவிடப்பட்ட கட்டடம் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. மில் வங்கியின் கையில் இருக்கும். டாக்கீஸுக்கு நான்கு வாரிசுகள் இருப்பார்கள், அதில் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். கல்பாத்தி மாதிரி அக்ரஹாரங்களில் திண்ணை இடிந்து நிற்கும் வீட்டுக்காரர் மும்பையில் இருப்பார். வரி ஒழுங்காகக் கட்டி, தேருக்கு வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. அதற்காக அந்தக் கட்டடங்கள் ஊர்ச் சொத்து ஆகிவிடவில்லை, அரசாங்கச் சொத்துதான். கேட்டில் ஒரு காகிதம் கிழிந்து தொங்கினால் முதலில் அதைப் படியுங்கள். கடன் நின்றுபோனால் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் வருடத்து சர்ஃபாசி சட்டப்படி வங்கி ஒரு சொத்தைக் கையகப்படுத்தினால் அங்கே நோட்டீஸ் ஒட்ட வேண்டும், இரண்டு பத்திரிகைகளில் விளம்பரமும் கொடுக்க வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகை. ‘உள்ளே வராதே’ என்று சொல்லும் அதே காகிதத்தில் எந்தக் கிளை, எந்த அதிகாரி என்றும் இருக்கும். அனுமதி கேட்க உங்களுக்கு வேண்டிய முகவரி அதுதான். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டால் ஃபோனில் படமெடுத்துப் பக்கத்தில் யாரிடமாவது காட்டுங்கள்.

மாட்டினால் என்ன ஆகும் என்பதில், எழுத்தில் இருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329ஆம் பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றியது. சாதாரண அத்துமீறலுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வீடு, வழிபாட்டு இடம், பொருள் பாதுகாத்து வைக்கும் கட்டடம் என்றால் சிறை ஒரு வருடம் வரை போகும். குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு கொடுக்கவோ நினைத்து நுழைந்தால்தான் அது குற்ற அத்துமீறல் என்று சட்டமே சொல்கிறது; ஆகவே படமெடுக்க மட்டும் போனால் குற்றமில்லை என்று இணையத்தில் சிலர் வாதிடுகிறார்கள். வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கோர்ட்டில்தான் சொல்ல முடியும். ராத்திரி பத்து மணிக்கு மில் வாசலில் நிற்கும் போலீஸ்காரரிடம் சொல்லிப் பயனில்லை. மூடிய மில்களில் காப்பர் கேபிளும் மோட்டாரும் திருட்டுப் போவது வழக்கம் என்பதால், பையோடு சுவர் ஏறி இறங்கும் மூன்று பேரை முதலில் திருடர்கள் என்றுதான் நினைப்பார்கள். அதன் பிறகு என்ன நடக்கும் என்பது ஸ்டேஷனைப் பொறுத்தது. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியதும் தெரியும், பைக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு நாலு நாள் அலையவிட்டதும் தெரியும். ரயில்வே இடத்தில் மட்டும் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. 1989ஆம் வருடத்து ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பாழடைந்த குவார்ட்டர்ஸ் ரயில்வே நிலத்தில் இருந்தால் அதுவும் இதில் சேரும்.

இனி ஆபத்து. பேய் பற்றி நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். எனக்குப் பயம் கூரையிடம்தான்.

கேட்டில் நுழையும் முன் கட்டடத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஓட்டுக் கூரை என்றால் முகட்டைப் பாருங்கள். கயிறு கட்டியது போல நேராக இருந்தால் உள்ளே மரம் ஓரளவு நன்றாக இருக்கிறது. குதிரை முதுகு மாதிரி நடுவில் இறங்கியிருந்தால் உத்தரமோ கைமரமோ போய்விட்டது, அடியில் நிற்காதீர்கள். ஓடு பத்து விழுந்திருந்தால் பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஓடு போன இடத்தில் மழை நேராகச் சுவரின் தலையில் இறங்கும். இந்தப் பக்கத்துப் பழைய சுவர்கள் நிறைய மண் சாந்தில் கட்டியவை. மேலே நனைந்தால் உள்ளே சாந்து கரைந்து, வெளியே பூச்சு மட்டும் நிற்கும். நாலு மழைக்காலம் அப்படி நின்ற சுவரில் சாய்ந்து போஸ் கொடுக்க வேண்டாம். சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் படத்துக்கு அழகு. மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் சுவரைப் பிளக்கவும் செய்யும், பிடித்து வைக்கவும் செய்யும். யாராவது வெட்டி, வேர் உள்ளே மக்கிவிட்டால் பிடிமானம் போய்விடும். வெட்டிய அடிமரம் துருத்திக்கொண்டிருக்கும் சுவர்தான் அதிக மோசம்.

மாடிக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ‘மரத் தளமென்றால் நடுவில் நடக்காதே, சுவரோரமாக நட’ என்று இருக்கும். நடுவில்தான் அதிகம் வளையும் என்பதால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் இதை நான் நம்ப மாட்டேன். பழைய மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். அதன் மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்டிருப்பார்கள். சுவரில் இறங்கும் ஈரமும், சுவர் வழியே ஏறும் கறையானும் முதலில் பிடிப்பது அந்த முனையைத்தான். நடுக்கட்டை இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் இருக்கும் முனை ரொட்டித்தூள் மாதிரி உதிரும். அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எனக்கே வழியில்லை. அதனால் சுவரோரமும் இல்லை, நடுவும் இல்லை, பழைய மரத் தளத்தின் மாடிக்கே போகாதீர்கள். மரப்பலகை போட்ட மச்சுக்கும் இதே கதைதான்.

கான்கிரீட்டில் கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். காற்றும் ஈரமும் உள்ளே போகப் போகக் கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்து, கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பீம் ஓரமாகக் கம்பி போகும் வழியிலேயே ஒரு நீள விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது. குச்சியால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், பிளந்தது தொப்பென்று கேட்கும். தலைக்கு மேல் இருப்பதைத் தட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் மேலேயே விழும். முதலில் விழுவது பெரும்பாலும் சன்ஷேட். அதனால் ஜன்னலோரம் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும் பழக்கத்தை விடுங்கள்.

சிமென்ட் ஷீட் கூரைமேல் ஒருபோதும் ஏறாதீர்கள். ஒரு மில்லில் அளவெடுக்க என் உதவியாளரை ஏறச் சொன்னேன். போல்ட் வரிசையிலேயே கால் வைத்துப் போனால் அடியில் இரும்பு இருக்கிறது, தாங்கும் என்பது என் கணக்கு. போகும்போது தாங்கியது. திரும்பும்போது அரை அடி தள்ளிக் கால் வைத்தான், ஷீட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கீழே பழைய சாக்குக் குவியல் கிடந்ததால் கணுக்காலோடு போயிற்று. ஏறச் சொன்னது நான்தான் என்பதால் இன்றும் அவன் அம்மா எதிரில் நான் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவேன். அந்த ஷீட் உடைந்து கிடக்கும் இடத்தில் தூசியைக் கிளப்பாமல் இருப்பதும் நல்லது. அதில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

அரிசி மில்லில் மேலே பார்ப்பது போலவே கீழேயும் பார்க்க வேண்டும். நெல் ஊறப்போடும் தொட்டிகள், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பாகம் இறங்கும் குழி, பெல்ட் ஓடிய கால்வாய் எல்லாம் தரையிலேயே இருக்கும். மூடியிருந்த பலகை மக்கி, மேலே உமியும் புல்லும் படர்ந்து, சமதளம் மாதிரித் தெரியும். மூங்கில் கம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஊன்றி ஊன்றி நடங்கள். கேமரா வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் நகர்வதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பெரிய முட்டாள்தனம், நானும் செய்திருக்கிறேன். பாழுங்கிணற்றில் எட்டிப் பார்க்கலாம், ஏதாவது விழுந்துவிட்டது என்று இறங்கக் கூடாது. அடியில் பிராணவாயு இல்லாமல் முதலில் இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன செய்தியை வருடாவருடம் படிக்கிறோம்.

அந்த மூங்கில் கம்பு பாம்புக்கும் உதவும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அதனால் கடித்தது எது என்று அடித்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கீறாமல், இறுகக் கட்டாமல், காலை அசைக்காமல் மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் முக்கியம். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். வௌவால் என்றதும் எல்லோருக்கும் 2018இல் கோழிக்கோட்டில் வந்த நிபா ஞாபகம் வரும். நிபாவைச் சுமப்பது பழந்தின்னி வௌவால்; இங்கே அது பெரும்பாலும் பெரிய மரங்களில்தான் தொங்கும். இருட்டு அறைகளுக்குள் இருப்பவை அதிகமும் பூச்சி தின்பவை. கட்டடத்துக்குள் எனக்குத் தெரிந்த நிஜமான கவலை எச்சத் தூசியில் வளரும் பூஞ்சைதான், அது நுரையீரலைப் பிடிக்கும். என்95 மாஸ்க் போடுங்கள், துணி கட்டினால் போதாது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். கேரளாவில் இது சாதாரணமாக நடப்பது. திரும்பிப் போன இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொண்டுவர வேண்டியவை இதிலிருந்தே தெரிந்திருக்கும்: கனமான அடிப்பாகமுள்ள ஷூ, ஹெல்மெட், ஆளுக்கு ஒரு டார்ச், மாஸ்க், கம்பு. பைக் ஹெல்மெட் போதும், கண்ணாடியை மட்டும் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள். டிரைபாட் கட்டாயம். இந்த அறைகளில் ஜன்னல் வெளுத்துப்போகும் அல்லது மூலை கறுத்துப்போகும், இரண்டும் ஒரே படத்தில் கிடைக்காது. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 100இல் வைத்து, லென்ஸ் துளையை எஃப் 8க்கு மூடி, ஒரே இடத்திலிருந்து வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் ரா ஃபைலாக, அதாவது கேமரா சுருக்காத அசல் பதிவாக எடுங்கள், வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கும்போது சுவரெல்லாம் பச்சையும் நீலமுமாகப் பொங்கும்படி இழுக்காதீர்கள், காரை பெயர்ந்த சுவருக்கு அதன் நிறமே போதும். ஓட்டு மில்லில் நல்ல நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. உடைந்த ஓட்டு வழியாகவும் கண்ணாடி ஓட்டு வழியாகவும் வெயில் தூண் தூணாக இறங்கும், பழைய தவிட்டுத் தூசி அதைக் காட்டிக்கொடுக்கும்.

படத்துக்குக் கீழே வருடம் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. கீழே கிடக்கும் மங்களூர் ஓட்டைத் திருப்பினால் ‘1865’ என்று அச்சு இருக்கும். உடனே ‘நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். அதற்கு எத்தனையோ காலம் பிறகு செய்த ஓட்டிலும் அதே எண் இருக்கும்.

அனுமதி கேட்டுப் போனால் சாகசம் குறைந்துவிடும் என்று நினைப்பீர்கள். ஒரு மூடிய டாக்கீஸுக்கு மதிப்பீட்டுக்காகப் போனபோது சாவி பழைய ஆபரேட்டரிடம் இருந்தது. எழுபது வயதுக்கு மேல். பூட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால் கூடவே வந்தார். புரொஜெக்டர் அறையில் ஒரு தகர டப்பாவிலிருந்து விரல் நீளக் கரித்துண்டுகளை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் இரண்டு கார்பன் குச்சிக்கு நடுவே எரியும் வெளிச்சத்தில்தான் படம் ஓடும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழேயிருந்து விசில் பறக்கும். சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாக இருட்டு ஹாலைப் பார்த்தார். நான் எடுத்த நூற்றுக்கணக்கான பாழ் கட்டடப் படங்களில் இன்றும் யாருக்காவது காட்டத் தோன்றுவது அந்த ஒன்றுதான். சுவர் ஏறிப் போயிருந்தால் அந்த ஹாலின் உடைந்த நாற்காலிகள் மட்டும் கிடைத்திருக்கும்.

இந்த வகைப் படங்களைப் பற்றி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு கோபம் உண்டு. அங்கே 1913இல் திறந்த மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷன் 1988இல் மூடப்பட்டு, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து படமெடுக்கும் பாழாக நின்றது. எங்கள் ஊர் செத்துவிட்டது என்று காட்டத்தான் வருகிறீர்கள், இங்கே இன்னும் வாழும் எங்களை ஒருவரும் படமெடுப்பதில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். 2018இல் ஃபோர்டு நிறுவனம் அந்தக் கட்டடத்தை வாங்கி, புதுப்பித்து, 2024இல் திறந்தது. கோலார் தங்கவயலுக்குப் போகலாமா என்று நண்பர் கடைசியில் கேட்டதற்கும் இதையே சொல்வேன். ஆந்திர எல்லையை ஒட்டிய அந்த ஊரில் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடியது; ஊர் மூடவில்லை. நம் தமிழ் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் ‘பேய் நகரம்’ என்று வீடியோ எடுக்காதீர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கவாய்களின் பக்கமும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகளின் பக்கமும் போகவே வேண்டாம்.

இடங்களின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். நான் மதிப்பீடு செய்த கட்டடங்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம் ஒரு காரணம். இன்னொன்று, படத்தோடு இடமும் வெளியே வந்தால் அடுத்து வருபவர் கேமராவோடு வருவதில்லை. தேக்குத் தூண், கதவு, பித்தளைப் பூண் எல்லாவற்றுக்கும் பழம்பொருள் சந்தையில் விலை இருக்கிறது. நீங்களும் போடும் முன் ஃபோனில் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பழகிக்கொள்ள, கேட்டு நுழையக்கூடிய இடங்கள் உண்டு. கொச்சியில் பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும்போது பழைய வணிகக் கிடங்குகளின் கதவைத் திறந்து விடுகிறார்கள், ஆஸ்பின்வால் ஹவுஸ் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. செங்கோட்டை வழியாகப் போனால் புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877ஆம் வருடத்துத் தொங்குபாலம், நடந்தே போகலாம். அதே வழியில் கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று வளைவு ரயில் பாலத்தைச் சாலையிலிருந்து எடுங்கள், மேலே ரயில் ஓடுகிறது.

எங்கள் பக்கம் வருவதென்றால் ஜூனிலிருந்து நவம்பர் வரை வேண்டாம், சுவர் நனைந்திருக்கும். டிசம்பரும் ஜனவரியும் வெயிலைக் காட்டி ஏமாற்றும். கணவாய் வழியாக வரும் விருச்சிகக் காற்றில்தான் தளர்ந்த ஓடுகள் பறக்கும். பிப்ரவரி நல்ல மாதம், புல் காய்ந்து குழி தெரியும். மார்ச்சுக்குப் பிறகு வெயில் தாங்காது. வந்ததும் கேட்டை ஆட்டாதீர்கள், சுவர் ஏற வழி தேடாதீர்கள். எதிரில் எப்படியும் ஒரு டீக்கடை இருக்கும். ஒரு டீ சொல்லிவிட்டுச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். இங்கே பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள்.